பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, ஃபவுண்டரி, ஆபீஸ்: கார்பன் செலவக் குறைக்க ஞாயித்துக்கிழமை மீட்டர்ல இருந்து ஆரம்பிக்கற முழு வழிகாட்டி

ஒருக்கா ஞாயித்துக்கிழமை காலைல, கம்பெனி பூட்டி வாட்ச்மேன் மட்டும் இருக்கற நேரமா பாத்து ஈபி மீட்டர் முன்னாடி போயி நில்லுங்க. மிஷின் ஓடல, ஆளுங்க இல்ல, டீ வண்டி கூட வராது, ஆனா மீட்டர் ஓடிட்டுத்தான் இருக்கும். அந்த ஓட்டத்துக்கு நீங்க காசு கட்டறீங்க, அதுக்கு எங்கயோ ஒரு அனல் மின் நிலையத்துல நிலக்கரி எரியுது, அதனால ஒரு பீஸ் கூட தைக்கப்படல. கார்பன் செலவுன்னா என்னமோ வெளிநாட்டு விஷயம்னு நெனச்சிட்டு இருக்கற எல்லாத்துக்கும் நான் மொதல்ல காட்டறது இதத்தானுங்க.

திருப்பூர், அவிநாசி, பல்லடம் சுத்துவட்டாரத்துல பல யூனிட்டுக்குள்ள மெயின்டனன்ஸ் வேலையாவும் கரண்ட் கணக்கு பாக்கறதுக்காகவும் போய் வந்ததுல தெரிஞ்சுக்கிட்டத வெச்சு இத எழுதறேன். நீளமாத்தான் இருக்கும், ஆனா மேல இருந்து கீழ வரைக்கும் இதே வரிசைல செஞ்சா நல்லது, ஏன்னா பாதிப்பேரு கடைசில செய்ய வேண்டிய சோலார மொதல்ல போட்டுட்டு, ஓட்டக் கொடத்துல தண்ணி ஊத்திட்டு இருக்காங்க.

எதுக்கு இப்ப இந்தக் கணக்கு

பையர், அதாவது நம்மகிட்ட ஆர்டர் குடுத்து வாங்கறவங்க, கிட்ட இருந்து ஒரு எக்செல் ஷீட் வரும், வருசத்துக்கு எத்தன யூனிட் கரண்ட், எத்தன லிட்டர் டீசல், எத்தன டன் வெறகு, எவ்வளவு தண்ணின்னு கேட்டிருப்பாங்க. முன்னெல்லாம் மெர்ச்சன்டைசர் பையன் ஏதோ ஒரு நம்பரப் போட்டு அனுப்பீருவான். இப்ப பில்லு காப்பி கேக்கறாங்க, ஆடிட்டர் நேர்ல வர்றாரு. கோயமுத்தூர் பக்கம் இரும்பு, எஃகு சாமான் ஐரோப்பாவுக்கு அனுப்பறவங்களுக்கு விஷயம் இன்னும் நெருக்கம். ஐரோப்பிய யூனியன் எல்லையில கார்பனுக்கு விலை வெக்கற முறைய 2023 அக்டோபர்ல கணக்கு கேக்கறதோட ஆரம்பிச்சு 2026 ஜனவரி 1-ல இருந்து காசு விசயமாவே மாத்தீட்டாங்க. பனியன் துணி அந்த லிஸ்ட்ல இல்ல, அதனால நமக்கில்லன்னு இருக்க வேண்டாம். பையரோட ஷீட் எப்படியும் வரும். நம்ம நாட்டுலயும் 2023-ல கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் அறிவிச்சாச்சு, அது பெரிய ஆலைங்களுக்கு, ஆனா அந்தப் பெரிய ஆலைக்கு நூலோ துணியோ குடுக்கறவங்க கிட்டயும் கணக்கு கேக்க எத்தன நாள் ஆகும்.

மொத வேல: பன்னெண்டு மாச பில்லும் ஒரு நோட்டும்

ஒரு வருசத்து ஈபி பில்லு, ஜெனரேட்டர் டீசல் பில்லு, வெறகு இல்லன்னா கேஸ் பில்லு, கம்பெனி வண்டி டீசல் எல்லாத்தையும் ஒரே மேசைல போடுங்க. மாசத்துக்கு ஒரு வரி. பக்கத்துலயே அந்த மாசம் எத்தன பீஸ் போச்சுன்னு எழுதுங்க, இதத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. பீஸ் கணக்கு இல்லாம யூனிட் கணக்கு மட்டும் பாத்தா ஆர்டர் கம்மியான மாசத்துல நாம ஏதோ மிச்சம் புடிச்ச மாதிரி தெரியும், அது மிச்சம் இல்லீங்க.

கார்பனா மாத்தறதுக்கு பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். நம்ம நாட்டு கிரிட் கரண்ட் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, மத்திய மின்சார ஆணையம் வருசா வருசம் இந்த நம்பர வெளியிடுது, நீங்க கணக்குப் போடற வருசத்து நம்பர அங்கிருந்து எடுத்துக்கோங்க. டீசல் ஒரு லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ. நீங்களே எரிக்கற டீசல், கேஸ் எல்லாம் ஸ்கோப் ஒண்ணு, வாங்கற கரண்ட் ஸ்கோப் ரெண்டு, நூலு, சாயம், ஜாப் ஒர்க், லாரி, கப்பல் எல்லாம் ஸ்கோப் மூணு. வெறகு எரிக்கறதுல வர்ற கார்பன் டை ஆக்சைட தனியா ஒரு வரில காட்டணும், மத்ததோட கூட்டக் கூடாது, ஆனா அந்த வெறகு எங்கிருந்து வருதுன்னு கேப்பாங்க, அதுக்கு பில்லு வெச்சிருக்கோணும்.

பில்ல எடுத்த கையோட இன்னொன்னும் பாத்துருங்க. எச்டி, அதாவது பெரிய லோடுக்கு குடுக்கற ஹை டென்ஷன் கனெக்ஷன்னா காலைல 6 டு 10, பொழுதெறங்கி 6 டு 10 பீக் அவர், யூனிட்டுக்கு 25 சதவீதம் கூட. நம்மூர் ஒன்றரை ஷிப்ட் சரியா அந்த சாயந்திர பீக்குக்குள்ளதான் போய் விழுகுது. ராத்திரிக்கு தள்ளக்கூடிய லோடு, போர் மோட்டார் மாதிரி, எதாச்சும் இருந்தா தள்ளுங்க. இதுல கார்பன் குறையாது, காசு குறையும், அந்தக் காசு அடுத்த வேலைக்கு ஆகும்.

ரெண்டாவது: ஞாயித்துக்கிழமை மீட்டர்

சனிக்கிழமை ராத்திரி பூட்டறப்ப ஒரு ரீடிங், திங்கக்கிழமை காலைல தொறக்கறப்ப ஒரு ரீடிங். நாலு வாரம் எழுதுங்க. உதாரணத்துக்கு சும்மா இருக்கற நேரத்துல 6 கிலோவாட் ஓடுதுன்னு வெச்சுக்கலாம், நூறு மிஷின் இருக்கற யூனிட்டுல இது ஒண்ணும் அதிசயம் இல்ல. வருசத்துக்கு 52 ஞாயிறுக்கு 7,488 யூனிட். வேல நாள் ராத்திரி 10 மணி நேரம் வெச்சு 300 நாளைக்கு 18,000 யூனிட். ரெண்டும் சேத்தா 25,000 யூனிட்டுக்கு மேல, யூனிட் 8 ரூபாய்னு போட்டாலே ரெண்டு லட்சம், கார்பன் 17 டன்னுக்கு மேல.

அது எங்க போகுதுன்னு கண்டுபுடிக்க எலக்ட்ரீசியன கூட்டிட்டு போய் பேனல்ல இருக்கற ட்ரிப் சுவிட்ச, அதான் எம்சிபி, ஒவ்வொண்ணா எறக்கி எறக்கி மீட்டரப் பாருங்க. ஒரு மணி நேர வேலதான். அநேகமா சிக்கறது: நிறுத்தாம விட்ட கம்ப்ரசர், அயர்னிங் பேபி பாய்லரோட ஹீட்டர், யாருமே இல்லாத ஆபீஸ்ல ஓடற ஏசி, சர்வர்னு பேர வெச்சுட்டு ராத்திரி பகலா ஓடற பழைய கம்ப்யூட்டர் நாலு, காம்பவுண்டு ஃபோகஸ் லைட்டு. சிசிடிவி, ஃபயர் அலாரம், பயோமெட்ரிக் இதுகளத் தனி லைன்ல போட்டுட்டு மத்ததுக்கு ஒரே மெயின் சுவிட்ச் வெச்சா கடைசியா போறவரு அத எறக்கீட்டு போனாப் போதும். பத்து சுவிட்ச அணைங்கன்னு சொன்னா யாரும் அணைக்க மாட்டாங்க, ஒண்ணுன்னா அணைப்பாங்க.

மூணாவது: காத்துல போற காசு

இதச் சித்த நேரம் நின்னே சொல்றேன், ஏன்னா எந்த யூனிட்டுக்குப் போனாலும் இதுலதான் பெருசா கெடைக்குது. காத்த அமுக்கி பைப்புல அனுப்பற கம்ப்ரசருக்கு குடுக்கற கரண்ட்ல உருப்படியான வேலையா மாறறது பத்துல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா ரெண்டு பங்கு, மிச்சமெல்லாம் சூடாத்தான் போகுது. அப்படிப்பட்ட காத்த ஓட்ட வழியா விட்டா எப்படி.

ஒரு கம்பெனில மத்தியானம் சாப்பாட்டு நேரம். மிஷினெல்லாம் நின்னதுக்கப்புறம் செக்கிங் டேபிள் பக்கம் ஒரு சத்தம், பாம்பு சீறற மாதிரி மெல்லிசா. சோப்புத்தண்ணிய பெயிண்ட் பிரஷ்ல தொட்டு பைப் ஜாயிண்ட்ல தடவுனா நொர புடுபுடுன்னு கெளம்புது. அங்க டிபன் பாக்ஸ தொறந்துட்டு உக்காந்திருந்த அக்கா ஒருத்தங்க நிமிந்து பாத்துட்டு, "ஏனுங் தம்பி, அது ரெண்டு வருசமா அப்படித்தானுங் சீறுது, அந்த ஏர் கன்னுகிட்டயும் ஒண்ணு இருக்குது, படிக்கட்டுக்குக் கீழ ஒண்ணு இருக்குது"ன்னு உக்காந்த இடத்துல இருந்தே கைய நீட்டிக் காட்டறாங்க. யாரும் கேக்கலீங்களான்னு கேட்டேன். "எங்ககிட்ட யாரு கேக்கறாங்க?"ன்னாங்க. அன்னிக்கு அந்தக்கா சொன்ன மூணு இடமும் சேத்து மொத்தம் பதினொரு ஓட்டை அடைச்சோம், செலவு டெஃப்லான் டேப்பும் கிளாம்பும் ரெண்டு மூணு கப்ளரும்தான்.

நீங்க எப்படி அளக்கறதுன்னா, மிஷினெல்லாம் நின்ன நேரத்துல கம்ப்ரசர மட்டும் ஓட்டுங்க. லோடு எடுக்கற (காத்த அமுக்கற) நேரத்தையும் அன்லோடுல (அமுக்காம சும்மா) இருக்கற நேரத்தையும் ஸ்டாப்வாட்ச்ல அஞ்சாறு தடவ எழுதி சராசரி பாருங்க. 2 நிமிசம் லோடு, 3 நிமிசம் அன்லோடுன்னா அஞ்சுல ரெண்டு, அதாவது 40 சதவீத காத்து ஓட்டைலயே போகுதுன்னு அர்த்தம். பத்து சதவீதத்துக்குள்ள கொண்டு வந்தா நல்ல யூனிட். 7 பார் பிரஷர்ல 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒண்ணே ஒண்ணு சுமார் 3 கிலோவாட்ட குடிக்கும், சுண்டு விரல் நகத்துல பாதி கூட இல்லாத ஓட்டை அது.

அடைச்சதுக்கப்புறம் பிரஷர எறக்குங்க. எல்லாரும் 7, 8 பார் வெச்சிருப்பாங்க, கேட்டா எப்பவுமே அப்படித்தானும்பாங்க. கால் பார் கால் பாரா எறக்கி ரெண்டு நாள் விட்டுப் பாத்து, மிஷின்காரங்க கம்ப்ளெயிண்ட் சொல்ற இடத்துக்கு ஒரு படி மேல நிறுத்திக்கோங்க. 1 பார் எறங்குனா கரண்ட் ஆறேழு சதவீதம் மிச்சம். கம்ப்ரசர் ரூம்ல சூட்டுக்காத்து வெளிய போக வழி இருக்குதான்னும் பாருங்க, பல எடத்துல அட்டப்பெட்டி அடுக்கி ஜன்னல அடைச்சு வெச்சிருக்காங்க. துணில ஒட்டுன பஞ்ச ஊதறதுக்கும் தரைய ஊதறதுக்கும் ஏர் கன் எடுக்கற பழக்கத்த நிறுத்துங்க. தரைக்கு வெளக்குமாறு போதும், பஞ்சு தூசி மூச்சுலயும் போகாது.

நாலாவது: தையல் மிஷின், ஃபேன், தலைக்கு மேல இருக்கற தகரம்

பழைய கிளட்ச் மோட்டார் சிங்கர் மிஷின் இன்னும் பவர் டேபிள்கள்ல, அதான் கூலிக்கு தைச்சுக் குடுக்கற சின்ன யூனிட்டுகள்ல, நெறைய ஓடுது. கால் வெச்சாலும் வெக்காட்டியும் மோட்டார் சுத்திட்டே இருக்கும். பண்டில் மாத்தறது, நூல் கோக்கறதுன்னு போற நேரம் போக உண்மைலயே ஊசி எறங்கற நேரம் ரொம்பக் கம்மி. சர்வோ மோட்டார் மாட்டுனா தைக்கறப்ப மட்டும் கரண்ட் எடுக்கும், பாதிக்கு மேல குறையும், சத்தமும் சூடும் கூட குறையும். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தச் சொல்லல. ஒரு லைன்ல ரெண்டு மிஷினுக்கு சின்ன எனர்ஜி மீட்டர் மாட்டி, ஒண்ணு கிளட்ச் ஒண்ணு சர்வோ, ஒரு வாரம் ஓட்டி எழுதி வெச்சு மொதலாளிகிட்ட காட்டுங்க. ஊரார் சொல்றத விட சொந்த மிஷின் சொல்றத நம்புவாரு.

சாதா சீலிங் ஃபேன் 75 வாட்ஸ், பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸ் கிட்ட. 60 ஃபேன், பத்து மணி நேரம், 300 நாள்னா வருசத்துக்கு 8,100 யூனிட் மிச்சம், 8 ரூபாய் கணக்குல 65,000 கிட்ட. ஃபேன் 3,000 ரூபாய்னா மூணு வருசத்துக்குள்ள போட்ட காசு திரும்பும். நல்லா ஓடற ஃபேன கழட்டிப் போட வேண்டாம், ரீவைண்டிங் போற ஒவ்வொண்ணையும் ரீவைண்டிங் பண்ணாம மாத்தீட்டே வாங்க. பெரிய மோட்டாருக்கும் இதே சட்டம்தான், ரெண்டு தடவ ரீவைண்டிங் ஆன மோட்டார மூணாவது தடவ அனுப்பாம, கரண்ட் கம்மியா எடுக்கற ஐஇ3 இல்லன்னா ஐஇ4 ரக மோட்டார் வாங்குங்க. கோயமுத்தூர் பக்கத்துலயே மோட்டார் செய்யறாங்க, நாம இதுக்கு வெளியூரு போக வேண்டியதில்ல.

கூரையப் பத்தி ஒரு வார்த்தை. சித்திரை வெயில்ல தகர ஷெட்டுக்குக் கீழ உக்காந்து தைக்கறவங்களுக்கு தல மேல அடுப்பு எரியற மாதிரி இருக்கும். ஆபீஸ் ரூம்ல 18-ல ஏசிய வெச்சு ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருப்பாங்க, பத்தடி தள்ளி அயர்னிங் டேபிள்ல ஆளு மயங்கி விழுவாங்க. எனக்கு இது மனசு பொறுக்காத விசயமுங்க. கூரைக்கு வெள்ள கூல் ரூஃப் பெயிண்ட் அடிங்க, காத்துல சுத்தற டர்போ வெண்டிலேட்டர் போடுங்க, அதுக்கு கரண்டே வேண்டாம். ஆபீஸ் ஏசிய 24-ல வெச்சு ஃபேனும் போடுங்க. ஒரு டிகிரி கூட வெச்சா சுமார் 6 சதவீதம் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பே சொல்லுது.

சாயப்பட்டறைக்காரங்களுக்கு

2011-ல ஹைகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறை எல்லாத்தையும் பூட்டுன நாளு இங்க யாருக்கும் மறந்திருக்காது. நொய்யல்ல சாயத்தண்ணி விட்டதுக்கு ஊரே கட்டுன வெல அது. அதுக்கப்புறம் ஒரு சொட்டும் வெளிய விடாம சுத்திகரிக்கற முறைலதான் ஓடுது, அதனால இங்க தண்ணிக் கணக்கும் கார்பன் கணக்கும் ஒண்ணேதான். எப்படின்னா, 30 டிகிரி தண்ணி ஒரு லிட்டர 60 டிகிரிக்கு சூடு பண்ண 30 கிலோ கலோரி போதும். அதே ஒரு லிட்டர எவாப்பரேட்டர்ல ஆவியாக்கணும்னா சுமார் 540 கிலோ கலோரி. பல அடுக்கு எவாப்பரேட்டர்ல அதே சூட்ட திரும்பத் திரும்ப எடுத்தாலும் ஆர்ஓ ரிஜெக்ட் தண்ணி, அதாவது ஆர்ஓல சுத்தம் பண்ணி மிஞ்சற உப்புத்தண்ணிதான் வெறக அதிகமா திங்கற எடம். அப்ப உள்ள வர்ற தண்ணியக் கொறைக்கறது, உப்பக் கொறைக்கறது, இதுதான் பெரிய வேல.

சாயம் போடற சாஃப்ட் ஃப்ளோ மிஷின்ல ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணி எடுக்கறது 5 லிட்டராச்சுன்னா 1,000 கிலோ லாட்டுக்கு ஒரு பாத்துல (மிஷின்ல ஒரு தடவ தண்ணி நெரப்பறது ஒரு பாத்) 3,000 லிட்டர் மிச்சம். 60 டிகிரி பாத்துன்னா அந்த சூட்டுக்கே சுமார் 40 கிலோ வெறகு, அப்படி பாத் ஒரு லாட்டுக்கு ஒண்ணு ரெண்டோட நிக்கறதில்ல. இத விடப் பெருசு ஷேடு. ஷேடு அடிக்கலன்னு, அதாவது கேட்ட கலர் வரலன்னு, திரும்ப சாயம் போட்டா தண்ணி, வெறகு, கரண்ட், உப்பு எல்லாமே இன்னொரு தடவ. அதனால மாசத்துக்கு எத்தன லாட் மொத தடவைலயே சரியா வந்துச்சுங்கற கணக்க போர்டுல எழுதுங்க, லேப்ல எடையும் பிஎச்சும் சரியா பாக்கற பையனுக்கு அதிகமா சம்பளம் குடுங்க, அவன் உக்காந்த எடத்துல இருந்தே உங்க வெறக மிச்சம் பண்றான்.

பாய்லர்ல: ஸ்டீம் ஆறி வர்ற கண்டன்சேட் தண்ணிய சாக்கடைல விடாம ஃபீட் டேங்குக்கு திருப்புங்க, ஃபீட் தண்ணி 6 டிகிரி கூடுனா எரிபொருள் ஒரு சதவீதம் குறையும். ஸ்டீம விடாம தண்ணிய மட்டும் வெளிய விடற ஸ்டீம் ட்ராப் ஒவ்வொண்ணையும் மாசத்துக்கு ஒருக்கா பாருங்க. நனஞ்ச வெறக எரிச்சா சூட்டுல ஒரு பங்கு அதுல இருக்கற தண்ணிய ஆவியாக்கவே போயிரும், ஐப்பசி மழைக்கு முன்னாடி வெறகுக்கு ஒரு ஷெட் போடுங்க. வால்வு, ஃபிளேஞ்சுக்கெல்லாம் சூடு வெளிய போகாம மூடற லேக்கிங் ஜாக்கெட் மாட்டுங்க, கை வெக்க முடியாத சூட்டுல இருக்கற எதுவுமே காசு விட்டுட்டு இருக்குது.

ஃபவுண்டரிக்காரங்களுக்கு ரெண்டு வரி. இண்டக்ஷன் ஃபர்னஸ்ல ஒரு டன் இரும்பு உருக்க 550-ல இருந்து 700 யூனிட் வரைக்கும் ஆகுது, இந்த எடைவெளி எங்க இருந்து வருதுன்னா மூடி போடாம வெக்கறது, மோல்டு ரெடியாகாம உருக்குனத காத்துக் கெடக்க விடறது, துருவும் மண்ணும் ஒட்டுன ஸ்கிராப். ரிஜெக்ஷன் காஸ்டிங் ஒவ்வொண்ணும் ரெண்டு தடவ உருகுது, அதையும் டன் கணக்குல எழுதுங்க.

துணியும் வண்டியும்

கட்டிங் டேபிள்ல மிச்சம் புடிக்கற ஒவ்வொரு கிலோ துணிலயும் பஞ்சு, நூலு, நிட்டிங், சாயம், காம்பாக்டிங் அத்தன கார்பனும் உள்ள இருக்குது, அதனால மார்க்கர்ல, அதான் துணில எப்படி வெட்டறதுன்னு அடுக்கற வரைபடத்துல, ஒரு சதவீதம் நெருக்கிப் போடறது பத்து ஃபேன மாத்தறத விடப் பெருசு. வெட்டுன வேஸ்ட்ட கலர் கலரா, காட்டன் தனியா பாலியஸ்டர் தனியா பிரிச்சு வெச்சா வெலயும் நல்லா வரும், ஓப்பன் எண்ட் மில்லுக்குப் போயி திரும்ப நூலாவும் ஆகும், கலந்து போட்டா அடச்சுத் தள்ளத்தான் ஆகும்.

நூலு எறங்குனதுல இருந்து பெட்டி கட்டற வரைக்கும் துணி எத்தன எடத்துக்கு குட்டியானைல போய் வருதுன்னு ஒரு ஆர்டருக்கு மட்டும் எழுதிப் பாருங்க, திகைச்சுப் போயிருவீங்க. காலி வண்டி திரும்பறத பக்கத்து யூனிட்டோட பேசி சேத்துக்கலாம். ஆளுங்க வர்ற வேன் ரூட்டையும் வருசத்துக்கு ஒருக்கா திரும்பப் போடுங்க, கோபி ரூட்ல ரெண்டு வேன் பாதி காலியா வர்றது சகஜம்.

ஆனா எல்லாத்தையும் முழுங்கற ஒண்ணு ஏர் ஷிப்மெண்ட். தூத்துக்குடில கப்பலேற வேண்டிய பெட்டி லேட்டாகி பிளேன்ல போனா கப்பல விட பல மடங்கு கார்பன், அந்த ஆர்டர்ல வந்த லாபமும் அதோட போச்சு. ஆக பிளானிங் மேனேஜரும் இந்தக் கார்பன் டீம்ல இருந்தே ஆகணும். ஏர்ல போன ஒவ்வொரு தடவையும் எதனால லேட்டாச்சு, நூலா, சாயமா, பையர் அப்ரூவலான்னு ஒரு வரி எழுதி வெச்சா ஆறு மாசத்துல காரணம் தானா தெரியும்.

ஆளுங்க இல்லாம எதுவும் நடக்காது

ஒரு கம்பெனில நாங்க மொதல்ல யாரையும் கேக்காம ஃபேன் பாதிய எறக்கி, லைட்ட குறைச்சு, செவுத்துல ஸ்டிக்கர் ஒட்டீட்டு வந்தோம். அந்த வாரமே பீஸ் கொறஞ்சிருச்சு. பீஸ் ரேட்ல தைக்கறவங்களுக்கு வேர்வைல கை வழுக்குனா அவிங்க வீட்டுச் சம்பளம் கொறையுது, கோவம் வராம என்ன செய்யும். அது எங்க தப்பு, போய் மன்னிப்புக் கேட்டு எல்லாத்தையும் திரும்பப் போட்டோம். அப்புறம் லைனுக்கு ஒருத்தர்னு பேசுனதுல அவிங்களே சொன்னாங்க, லைட்ட மேல இருந்து ஊசிக்குப் பக்கத்துல எறக்கிக் குடுத்தா கண்ணும் வலிக்காது, பாதி டியூப் லைட்டு தேவையும் இல்லன்னு. அப்படியே செஞ்சோம், மிஷினுக்கு மிஷின் சின்ன எல்இடி.

அதனால மாசம் ஒரு நாள் டீ டைம்ல பதினஞ்சு நிமிசம் ஒதுக்குங்க, மேனேஜர் பேசாம கேக்கட்டும். சொன்ன ஓட்டைய ஒரு வாரத்துக்குள்ள அடைச்சாத்தான் அடுத்த ஓட்டைய சொல்லுவாங்க. மிச்சமான காசுல ஒரு பங்க தீவாளி போனஸோட தனியா, இது இதுக்குன்னு சொல்லிக் குடுங்க. பேப்பர் கப்புக்கு பதில் எவர்சில்வர் டம்ளர், பேப்பர் ரெண்டு பக்கமும் பிரிண்ட், இதெல்லாம் செய்யுங்க, நல்லதுதான், ஆனா இத மட்டும் செஞ்சு ஃபோட்டோ எடுத்துப் போட்டுட்டு கம்ப்ரசர விட்டுறாதீங்க.

இப்பத்தான் சோலார்

மேல சொன்னதெல்லாம் செஞ்சதுக்கப்புறம் உங்க தேவையே கொறஞ்சிருக்கும், அதுக்கு ஏத்த மாதிரி சோலார் போட்டா மொதலீடும் கம்மி. ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி, நம்மூர் வெயிலுக்கு நாளைக்கு 4 யூனிட் கெடைக்கும். போடறதுக்கு முன்னாடி கூரை தாங்குமான்னு சிவில் இன்ஜினியர வெச்சுப் பாருங்க, ஆடிக்காத்து பாலக்காட்டு கணவாய் வழியா வர்ற வேகம் நமக்குத் தெரியும். உடுமலை, பல்லடம், காங்கேயம் பக்கம் சொந்தமா காத்தாடி வெச்சிருக்கறவங்க, அந்தக் கரண்டுக்கான பசுமைச் சான்றிதழ வேற யாருக்காச்சும் வித்திருந்தா அத உங்க கணக்குல பசுமை மின்சாரம்னு காட்டக்கூடாது, ஆடிட்டர் கேக்கற மொதக் கேள்வி அதுதான். ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலுக்கு மூணு, மூணரை யூனிட்டுதான் தருது, அத எப்ப ஓட்டறீங்கன்னும் நோட்டுல இருக்கட்டும்.

பெரிய யூனிட்டா இருந்தா எரிசக்தி சிக்கன அமைப்போட சான்று பெற்ற ஆடிட்டரக் கூப்புடுங்க. கோயமுத்தூர் சிட்ராவுல (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கம்) டெக்ஸ்டைல் மில்லுங்களுக்கு இந்த வேல தெரிஞ்சவங்க இருக்காங்க. சிறுதொழில்னா எனர்ஜி ஆடிட்டுக்கு மானியம் பத்தி மாவட்ட தொழில் மையத்துல கேளுங்க.

எழுதி வெக்கறது

பையர் ஷீட்ட வருசக் கடைசில உக்காந்து ரொப்பாதீங்க. கேட்டுக்குப் பக்கத்துல, எல்லாரும் பாக்கற மாதிரி ஒரு கரும்பலகை. திங்கக்கிழமை காலைல எலக்ட்ரீசியன் மூணு நம்பர் எழுதணும்: போன வாரம் எத்தன யூனிட், எத்தன பீஸ், சனி ராத்திரில இருந்து திங்க வரைக்கும் எத்தன யூனிட். எழுதுனத ஃபோட்டோ எடுத்து கம்பெனி வாட்ஸப் குரூப்ல போட்டுட்டு அப்புறம் அழிக்கட்டும், வருசக் கடைசில அந்த 52 ஃபோட்டோதான் உங்க ஆதாரம். மூணாவது நம்பர் போன வாரத்த விட ஏறியிருந்தா அன்னிக்கே சாப்பாட்டு நேரத்துல சோப்புத்தண்ணி டப்பாவோட ஒரு சுத்து சுத்தி வரணும், செக்கிங் டேபிள்ல இருக்கற அக்காங்க கிட்ட கேட்டுட்டு.